தர்ப்பூசணியில் கிடைத்த துப்பு

இலக்கியம் பேசுவதற்கென்று கூடிய இடத்தில் குடலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அறிவியல் வரலாற்றைப் படிக்கப் புகுந்தால் அங்கும் நாவலுக்குரிய மாந்தர்கள் வந்து நிற்கிறார்கள் என்பதே நம் பதில். இந்தக் கதையில் குண்டடி பட்ட படகோட்டி ஒருவர் வருகிறார். பலரும் நம்ப மறுத்த பாஸ்டன் மருத்துவர் ஒருவர் வருகிறார். தர்ப்பூசணிச் சாற்றை ஆராய்ந்துகொண்டிருந்த ஜப்பானிய வேதியியலாளர்களும் வருகிறார்கள். இவர்களையெல்லாம் ஒரே சரட்டில் கோப்பது ஒரு கேள்வி. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கும் ஒருவருடைய குடல் நலமாக இருக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா என்பதை வயிற்றைத் திறக்காமல் அறிவது எப்படி?

வயிற்றில் அறுவை செய்துகொண்ட உறவினரைப் பார்க்கச் சென்ற எவருக்கும் அந்தக் கேள்வி தெரிந்திருக்கும். காலையில் வார்டுக்கு வரும் மருத்துவர், நோயாளியிடம் முதலில் கேட்பது, "காற்று பிரிந்ததா?" என்பதுதான். உடனிருப்போர் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். மருத்துவர் சிரிப்பதில்லை. குடல் மீண்டும் அசையத் தொடங்கிவிட்டது என்பதற்கு இன்றளவும் அதுவே எளிய சான்று. ஆனால் செயற்கைச் சுவாசக் கருவியோடு பிணைக்கப்பட்டு, வலி தெரியாதிருக்க மருந்தூட்டப்பட்டவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க இயலாது. அவர் வயிற்றை அழுத்தினால் முகம் சுருங்காது. காய்ச்சலும் இரத்த வெள்ளணுக்களின் ஏற்றமும் எந்தப் பெரிய அறுவைக்குப் பின்னும் வருபவை. அவற்றை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. ஸ்டெதஸ்கோப்பில் குடலோசை கேட்காவிட்டால் குடல் உறங்குகிறது என்றும் கொள்ளலாம், அழுகுகிறது என்றும் கொள்ளலாம். வயிறு உப்பி, தோல் வெளுத்து, இரத்த அழுத்தம் சரிந்த பின் ஐயம் தீர்ந்துவிடும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

குடலின் உட்புறத்தைக் கண்ணால் காணும் வாய்ப்பு மருத்துவ உலகிற்கு முதலில் ஒரு விபத்தால் வாய்த்தது. 1822-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்காவின் மக்கினா தீவில், மென்மயிர்த் தோல் வணிகக் கடை ஒன்றில் தற்செயலாக வெடித்த துப்பாக்கியின் குண்டு, அலெக்ஸி செயின்ட் மார்ட்டின் என்ற இளம் கனடியப் படகோட்டியின் இடப்புற விலாவைத் துளைத்தது. படைமுகாம் மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் இரைப்பையிலிருந்து வெளித்தோல் வரையிலான துளை மூடவேயில்லை. அந்தத் துளை வழியே போமான்ட் ஆண்டுக்கணக்கில் செரிமானத்தை நோக்கினார். 1833-இல் அவர் வெளியிட்ட நூல் இரைப்பை நீரைப் பற்றியது என்றுதான் பாடநூல்கள் சொல்லும். நமக்கு வேண்டியது அதிலுள்ள வேறொரு செய்தி. செயின்ட் மார்ட்டினுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறிச் சிவந்தது, வறண்டது. உடல் எங்கோ நோயுற்றால் உணவுப்பாதையின் உட்சுவர் அதை உணர்கிறது என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி இது. இருபது ஆண்டுகளுக்குள், 1842-இல், லண்டனில் தாமஸ் கர்லிங், தீக்காயம் பட்டவர்களின் முன்சிறுகுடலில் புண் தோன்றுவதை எழுதினார். வெந்தது தோல், புண்ணானது குடல்.

செயின்ட் மார்ட்டினைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் நகர மனமில்லை. 1880-இல் அவர் இறந்தபோது, புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அந்த இரைப்பையை அருங்காட்சியகத்திற்குப் பெற முயன்றார். குடும்பத்தார் உடல் அழுகும்வரை வைத்திருந்து, எவரும் தோண்டி எடுக்க முடியாதபடி ஆழமாகப் புதைத்தார்கள். வாழ்நாளெல்லாம் பிறர் எட்டிப்பார்த்த வயிறு போதும் என்று எண்ணினார்கள் போலும். நமக்கு அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

குடல் ஏன் இத்தனை எளிதில் அடிபடுகிறது? இரத்தம் குறையும்போது உடல் ஒரு கணக்குப் போடுகிறது. மூளைக்கும் இதயத்திற்கும் உரிய பங்கைக் காப்பாற்ற, தோலுக்கும் குடலுக்கும் போகும் தமனிகளை இறுக்கிவிடுகிறது. ஓடவும் போரிடவும் வேண்டிய விலங்குக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் சிறுகுடலின் உட்சுவரில் புல்வெளிபோல் நிற்கும் குடலுறிஞ்சிகளின் அமைப்பு இந்தச் சிக்கனத்தைத் தாங்கக்கூடியதன்று. ஒவ்வொரு குடலுறிஞ்சியின் நடுவே தமனி மேலேறுகிறது. அதை ஒட்டியே சிரை கீழிறங்குகிறது. அருகருகே எதிரெதிராக ஓடும் இந்த இரண்டுக்குமிடையே ஆக்சிஜன் பாதி வழியிலேயே கசிந்து தாண்டிவிடுகிறது. ஆகவே நல்ல நாளிலேயே உச்சியிலுள்ள செல்களுக்கு மூச்சு குறைவு. கால்வாயின் கடைமடை வயலை நினைத்துக்கொள்ளுங்கள். சுவீடனில் ஓவே லுண்ட்கிரென் போன்ற உடலியலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து இதை விளக்கினார்கள். 1970-இல் மான்ட்ரியாலில் சியூவும் உடன்பணியாளர்களும் நாய்களில் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, குடலுறிஞ்சிகள் அழியும் வரிசையைப் படிப்படியாக வகுத்தார்கள். முதலில் உச்சியிலுள்ள செல்படலம் அடித்தளத்திலிருந்து கொப்புளம்போல் பிரிகிறது. பிறகு பக்கங்களும் உரிகின்றன. இறுதியில் குடலுறிஞ்சியே சிதைகிறது. சுழியம் முதல் ஐந்து வரையிலான அந்தப் படிநிலையை இன்றும் நுண்ணோக்கி முன் அமர்வோர் பயன்படுத்துகிறார்கள்.

இந்த நோய்க்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பெருவாழ்வு வந்தது என்பது ஒரு முரண். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளின் சுவாசத்தைக் காத்தார்கள். அந்த ஏற்பாட்டை வகுத்த மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன், 1953 டிசம்பரில் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றைத் தொடங்கினார். அதே 1953-இன் மே மாதத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து வெற்றி கண்டிருந்தார். முன்பெல்லாம் அறுவை மேசையிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இப்போது நாள்கணக்கில் உயிரோடு இருந்தார்கள். நாள்கணக்கில் இருந்ததால் புதிய வகைகளில் இறந்தார்கள். 1958-இல் நார்மன் எண்டே, இதயம் தளர்ந்த சிலரின் குடல் அழுகியிருந்ததையும் தமனியில் எந்த அடைப்பும் இல்லாதிருந்ததையும் எழுதினார். குழாய் திறந்தே இருக்கிறது, நீர்தான் வரவில்லை. 1973-இல் பாஸ்டனில் டில்னியும் உடன்பணியாளர்களும், வெடித்த வயிற்றுப் பெருந்தமனியைத் தைத்து மீட்கப்பட்டவர்களைப் பற்றிய பதிவை வெளியிட்டார்கள். அறுவை வெற்றி; ஆனால் அடுத்துவந்த நாள்களில் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் ஓய்ந்தன. பெரும்பாலோர் இறந்தார்கள்.

இந்தச் சங்கிலியை இழுப்பது எது?

விடை தனக்குத் தெரியும் என்று ஒருவர் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் ஜேக்கப் ஃபைன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதிர்ச்சிநிலை குறித்த ஆய்வில் இறங்கியவர், ஒரு புதிரில் மாட்டிக்கொண்டார். நாயின் இரத்தத்தை வடித்து, சில மணி நேரம் கழித்து முழுவதையும் திருப்பிச் செலுத்தினாலும் அது பிழைப்பதில்லை. இழந்ததெல்லாம் திரும்பக் கிடைத்த பின்னும் ஏன் சாகிறது? குடலிலுள்ள பாக்டீரியாக்களை மருந்தால் முன்கூட்டியே ஒடுக்கிவிட்டால் பல நாய்கள் பிழைத்தன. ஆகவே இரத்தம் குன்றிய குடலிலிருந்து பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்னும் நச்சு உடலுக்குள் கசிகிறது, அதுவே கொல்கிறது என்றார் ஃபைன். 1940-கள் தொட்டு 1960-கள் வரை இதை விடாது எழுதினார்.

அவர் மீது விழுந்த பெரிய அடி 1958-இல் வந்தது. பிறப்பிலிருந்தே கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த விலங்குகளை ஸ்வைஃபாக்கும் அவர் குழுவினரும் அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். குடலில் ஒரு பாக்டீரியா கூட இல்லாத அவையும் அதே போல மீளாத அதிர்ச்சியில் வீழ்ந்தன. கிருமி இல்லாத இடத்தில் கிருமி நச்சு எங்கிருந்து வரும்? ஃபைனுடைய கொள்கை ஓரங்கட்டப்பட்டது.

ஆனால் அது சாகவில்லை. 1979-இல் பெர்க், கார்லிங்டன் ஆகியோர் எலிகளின் குடலிலிருந்து உயிருள்ள பாக்டீரியாக்கள் நிணநீர் முடிச்சுகளுக்கு இடம்பெயர்வதைக் காட்டினார்கள். 1986-இல் காரிக்கோ, மீக்கின்ஸ், மார்ஷல் மூவரும் பல உறுப்புச் செயலிழப்பின் இயந்திரமே குடல்தான் என்ற புகழ்பெற்ற கருத்தை முன்வைத்தார்கள். ஊசல் மறுகோடிக்கு ஓடியது. எங்கு பார்த்தாலும் குடல் பேச்சு. அந்தச் சூட்டில் டென்வரில் ஃப்ரெடரிக் மூரும் உடன்பணியாளர்களும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். கடும் விபத்தில் அடிபட்டு வயிறு திறக்கப்பட்ட 20 பேருக்கு, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையிலேயே குழாய் வைத்து, நாள்தோறும் இரத்தம் எடுத்துப் பாக்டீரியாவைத் தேடினார்கள். 1991-இல் முடிவு வெளியானது. ஏறக்குறைய ஒன்றுமில்லை. உறுப்புகள் செயலிழந்தவர்களிடத்தும் இல்லை. அதன் பின் எட்வின் டைட்ச், அடிபட்ட குடல் அனுப்புவது கிருமிகளை அன்று, அழற்சியைத் தூண்டும் பொருள்களை. அவை போகும் பாதையும் போர்ட்டல் சிரை அன்று, நிணநீர்க் குழாய் என்று வாதிட்டார். விலங்குகளில் அந்த நிணநீர்க் குழாயைக் கட்டிவிட்டால் நுரையீரல் காக்கப்படுவதைக் காட்டினார். ஃபைன் குற்றவாளியின் பெயரைத் தவறாகச் சொன்னார், ஆனால் வீட்டு முகவரியைச் சரியாகச் சொன்னார் என்பது நம் கணிப்பு.

இத்தனை விவாதமும் நடந்த காலமெல்லாம் படுக்கையருகே நின்ற மருத்துவரிடம் குடலை அளக்கும் கருவி ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதயத்துக்கு அந்தக் குறை 1954-இலேயே நீங்கத் தொடங்கியது. மாரடைப்பில் சிதைந்த தசையிலிருந்து ஒரு நொதி இரத்தத்தில் கசிவதை அவ்வாண்டு நியூயார்க்கில் கண்டறிந்தார்கள். 1989-இல் ட்ரோபோனின் சோதனை வந்தது. செல் உடைந்தால் உள்ளே இருந்தது வெளியே வரும். வெளியே வந்ததை இரத்தத்தில் அளந்தால் உடைந்தது தெரியும். மருத்துவர்கள் பயோமார்க்கர் என்கிற இதை நாம் சுட்டி என்று அழைப்போம். குடலுக்கும் அப்படியொரு சுட்டி வேண்டும்.

முதலில் கைக்கு அகப்பட்டது லாக்டேட். பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை 1843-இலேயே ஷேரர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டிருந்தார். எங்கோ ஆக்சிஜன் போதவில்லை என்று லாக்டேட் சொல்லும். எங்கே என்று சொல்லாது. போதாக்குறைக்கு, குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலைக் கடக்கிறது. கல்லீரல் லாக்டேட்டை உண்டுவிடுகிறது. குடல் அழுகத் தொடங்கியும் கணக்கு இயல்பாகத் தெரிவது இதனால்தான். பாக்டீரியாக்கள் ஆக்கும் டி-லாக்டேட் என்ற அதன் கண்ணாடிப் பிம்பத்தை அளந்தால் குடலைத் தனியே பிரித்தறியலாம் என்று 1994-இல் முர்ரே குழுவினர் எழுதினார்கள். நம்பிக்கை பிறந்தது, நிலைக்கவில்லை.

1980-களில் ரிச்சர்ட் ஃபிடியன்-கிரீன் வேறு வழியில் போனார். மூக்கு வழியே இரைப்பைக்குள் ஒரு சிறு பலூனை இறக்கி, உட்சுவரிலிருந்து அதனுள் ஊடுருவும் கரியமில வாயுவை அளந்து, சுவரின் அமிலத்தன்மையைக் கணக்கிடும் டோனோமீட்டர் அது. 1992-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அந்த அளவைக் கொண்டு சிகிச்சையைத் திருத்தியதால் ஒரு பிரிவு நோயாளிகள் கூடுதலாகப் பிழைத்ததாகக் கூறியது. சில ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அந்தப் பலூன் ஒரு மோகமாகவே இருந்தது. ஆனால் அளப்பது தொல்லை, அமிலச்சுரப்பை அடக்கும் மருந்து வேண்டும், உணவூட்டினால் கணக்குப் பிழைக்கும். பிற்கால ஆய்வுகள் அதே பயனைக் காட்டவில்லை. இன்று அதைத் தேடினால் பழைய சாமான் அறையில் கிடைக்கலாம்.

சர்க்கரைச் சோதனை இன்னும் அழகானது. பெரிய மூலக்கூறான லாக்டுலோஸையும் சிறிய மூலக்கூறான மானிட்டாலையும் சேர்த்துக் குடிக்கச் செய்து, சிறுநீரில் இரண்டின் விகிதத்தைப் பார்ப்பது. சுவரில் ஓட்டை விழுந்தால் பெரியதும் உள்ளே புகும். 1970-களில் லண்டனில் இயன் மென்சீஸ் வளர்த்த வழி இது. 2009-இல் தொடங்கிய எட்டு நாட்டு ஆய்வொன்றில் வேலூர்க் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை செய்தார்கள். ஓடியாடும் குழந்தைகளிடம் அது செல்லுபடியாகும். தீவிர சிகிச்சைப் பிரிவிலோ எல்லாமே தடுமாறுகிறது. இரைப்பை காலியாகாது; சிறுநீரகம் ஓய்ந்திருக்கும்; இவற்றையெல்லாம் மிஞ்சுவது என்னவென்றால், ஏற்றப்படும் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் கரைசலிலேயே மானிட்டால் கலந்திருக்கிறது. இரண்டு பை இரத்தம் ஏற்றியவருக்குச் சோதனையின் விகிதமே புரண்டுவிடும்.

இனித்தான் இன்று பேசப்படும் இரு சுட்டிகள். முதலாவதன் கதை 1972-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. கொழுப்பமிலங்கள் நீரில் கரையாதவை. அவை செல்லுக்குள் எப்படிப் பயணிக்கின்றன என்று தேடிய ராபர்ட் ஆக்னர், அவற்றைச் சுமந்து செல்லும் சிறு புரதம் ஒன்றைக் குடலின் உட்சுவரில் கண்டார். பிறகு கல்லீரலுக்கொன்று, இதயத்துக்கொன்று எனப் பல வகைகள் இருப்பது தெரிந்தது. குடலுக்குரியதன் சுருக்கப்பெயர் ஐ-எஃப்ஏபிபி. மிகச் சிறியது, செல்படலம் சிதைந்தவுடன் வெளியேறி, சிறுநீரிலும் வந்துவிடும். அதைவிட முக்கியம், அது குடியிருக்கும் இடம். குடலுறிஞ்சியின் உச்சியிலுள்ள முதிர்ந்த செல்களில்தான் அது நிறைந்திருக்கிறது. இரத்தம் குறைந்தால் முதலில் வாடும் அதே கடைமடையில். தேடியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைத்திருக்காது. 1993-இல் எலிகளிலும், 1996-இல் ஜப்பானில் குடல் அழுகிய நோயாளிகளிடத்தும் அதன் ஏற்றம் காட்டப்பட்டது.

எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்பதை நேரே சோதிக்க வழி உண்டா? மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் பூர்மன் குழுவினர் கண்டுபிடித்த வழி நம்மை வியக்க வைத்தது. கணையப் புற்றுக்கான பெரிய அறுவையில் சிறுகுடலின் ஒரு துண்டை எப்படியும் வெட்டி எறிய வேண்டும். நோயாளிகளின் இசைவோடு, எறியப்போகும் பகுதியில் 6 சென்டிமீட்டர் நீளத்தை மட்டும் தனியே பிரித்து, அதன் இரத்தக் குழாய்களைக் கவ்வியால் இறுக்கி, 30 நிமிடம் கழித்துத் திறந்து, நேரத்துக்கு நேரம் திசுவும் இரத்தமும் எடுத்தார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: அடிபட்ட செல்கள் குடலுறிஞ்சியின் உச்சியிலிருந்து உரிந்து குடலின் உள்வெளியில் விழுந்தன, எஞ்சிய செல்கள் விரிந்து பரவி இடைவெளியை மூடின. இரண்டு மணி நேரத்தில் படலம் ஏறக்குறைய முழுமையாகிவிட்டது. ஐ-எஃப்ஏபிபி இரத்தத்தில் ஏறிய அந்த நேரத்தில் குடல் தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொண்டிருந்தது.

இதனால் சாட்சி சொல்வது உண்மை என்பதும் உறுதியாயிற்று, அந்த உண்மையின் பொருள் என்ன என்ற புதுக்குழப்பமும் பிறந்தது. அதே நகரத்து ஆய்வாளர்கள் 2011-இல், நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களை ஒரு மணி நேரம் கடுமையாக மிதிவண்டி ஓட்டச் செய்து அளந்தபோது அவர்களுக்கும் ஐ-எஃப்ஏபிபி ஏறியது. ஓட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இதய அறுவைக்குப் பின் ஏறினாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மறுபுறம், குடல்துண்டு முழுதும் செத்து, உச்சியில் செல்லே மிஞ்சாத நிலையில் கசிய என்ன இருக்கிறது? உச்சி கருகியதா, சுவர் முழுதும் அழுகியதா என்று தெரிந்தால்தான் கத்தியை எடுப்பதா என்று முடிவு செய்ய முடியும். குடலின் தசையடுக்கு சிதைந்தால் மட்டும் வெளிவரும் எஸ்எம்-22 போன்ற புரதங்களை மாஸ்ட்ரிக்ட் குழுவினர் பிறகு தேடிச் சென்றது இதற்காகவே.

இரண்டாவது சுட்டிக்கு வருவோம். 1914-இல் ஜப்பானில் கோகா, ஓடாகே என்னும் இருவர் தர்ப்பூசணிச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1930-இல் மிட்சுனோரி வாடா அதன் அமைப்பை அறுதியிட்டு, தர்ப்பூசணியின் தாவரவியல் பெயரான சிட்ருல்லஸைக் கொண்டு சிட்ருலின் என்று பெயர் சூட்டினார். பழத்தில் கிடந்த வேடிக்கைப் பொருள் என்ற நிலை விரைவில் மாறியது. 1932-இல் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்ஸலைட்டும், உடல் யூரியாவை ஆக்கும் சுழற்சியில் சிட்ருலின் ஒரு படி என்று கண்டார்கள். அந்தச் சுழற்சி கல்லீரலுக்குள் நடப்பது. அங்கே உண்டாகும் சிட்ருலின் அங்கேயே தீர்ந்துவிடும். அப்படியானால் இரத்தத்தில் ஓடும் சிட்ருலின் யாருடையது? 1970-களிலும் 1981-இலும் அமெரிக்காவில் வின்ட்முல்லரும் ஸ்பெய்த்தும் எலியின் சிறுகுடலைத் தனியே பிரித்து இரத்தம் பாய்ச்சி விடை கண்டார்கள். குடலின் செல்கள் குளூட்டமைனை எரித்துச் சிட்ருலினை ஆக்கி வெளியே அனுப்புகின்றன. சிறுநீரகம் அதை வாங்கி ஆர்ஜினினாக மாற்றுகிறது. இரத்தத்திலுள்ள சிட்ருலின் கிட்டத்தட்ட முழுதும் சிறுகுடலின் கைவேலை.

பாரிஸில் பாஸ்கல் கிரென் இதிலிருந்து எளிய கருத்தொன்றை எடுத்தார். ஆலையிலிருந்து வரும் மூட்டைகளை எண்ணினால் உள்ளே எத்தனை தறி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அறுவையால் குடல் குறுகிப்போன 57 பேரை அவர் குழு ஆராய்ந்தது. எஞ்சிய குடலின் நீளமும் சிட்ருலின் அளவும் இணையாகச் சென்றன. நலமானவருக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோமோல். 20-க்குக் கீழ் போனவர்களின் குடல் நிரந்தரமாகத் தோற்றிருந்தது. 2000-இல் வெளியான இந்த ஆய்வைப் பின்பற்றி, பெஸான்ஸோனில் கேயல் பிட்டோன் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் அதை அளந்தார். 24 மணி நேரத்தில் 10 மைக்ரோமோலோ அதற்கும் குறைவோ ஆனவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது என்று 2010-இல் எழுதினார். 2013-இல் இரு சுட்டிகளையும் ஒருங்கே அளந்தபோது, தீவிர சிகிச்சைக்குள் நுழையும் தறுவாயிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடற்செல்கள் அடிபட்டிருந்ததாகத் தெரிந்தது. ஒரு சுட்டி ஓடு உடையும் ஓசை. மற்றது கூரையில் எஞ்சிய ஓடுகளின் எண்ணிக்கை.

எண்ணிக்கையிலும் சிக்கல் இல்லாமலில்லை. சிறுநீரகம் பழுதுபட்டால் சிட்ருலினை வாங்க ஆளில்லாமல் அளவு ஏறுகிறது. தீவிர சிகிச்சையில் சிறுநீரகம் பழுதுபடாதவர் குறைவு. ஆகவே செத்துக்கொண்டிருக்கும் குடலும் நின்றுபோன சிறுநீரகமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தாளில் அழகான எண் வந்து நிற்கலாம். ஐ-எஃப்ஏபிபியும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதுதான். அங்கும் இதே குழப்பம்.

1994-இல் பாரிஸில் கூடி, 1996-இல் ஜான்-லூயி வின்சென்ட் முதலியோர் வெளியிட்ட சோஃபா என்னும் மதிப்பெண் முறை, உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியின் நிலையை எடைபோடப் பயன்பட்டு வந்தது. நுரையீரல், குருதியுறைவு, கல்லீரல், இதய இரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் என ஆறு பகுதிகள். குடல் இல்லை. குடல் முக்கியமன்று என்று எவரும் எண்ணவில்லை; நம்பத்தக்க முறையில் அளக்க வழியில்லை என்பதே காரணம். எஸ்தோனியாவைச் சேர்ந்த அன்னிகா ரெய்ன்டம் பிளேசர் இந்த வெற்றிடத்தை நிரப்பப் பல்லாண்டு உழைத்துவருபவர். 2012-இல் அவரும் ஐரோப்பிய சகாக்களும் குடற்பழுதை நான்கு நிலைகளாக வகுத்தார்கள். 2021-இல் பல நாடுகளில் 540 நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். அதில் இடம்பெற்றவை வாந்தி, வயிற்று உப்பல், குடலோசை, வயிற்றுப்போக்கு, வயிற்றுக்குள் அழுத்தம் முதலிய படுக்கையருகே காணும் குறிகள். இரத்தச் சுட்டி எதுவும் அதில் இல்லை. இருபது ஆண்டு ஆய்வுக்குப் பின் கிடைத்த இந்த விடையைத் தோல்வி என்று சொல்ல நமக்கு மனமில்லை. அளக்க முடியாததை அளந்ததாகக் காட்டிக்கொள்ளாத நேர்மை அதில் இருக்கிறது.

சரியான சுட்டி இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்பதற்கு ஒரு சான்று. அதிர்ச்சி நிலையிலுள்ளவருக்கு உடனே குடல் வழியே உணவூட்டுவது நல்லதா, சிரை வழியே ஊட்டுவது நல்லதா என்று பிரான்சில் 44 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,410 பேரைக் கொண்டு ரெய்னியே நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. இறப்பில் வேறுபாடில்லை. ஆனால் குடல் வழியே ஊட்டப்பட்டவர்களில் 19 பேருக்குக் குடல் இரத்தமின்றி அழிந்தது. மற்றப் பிரிவில் 5 பேருக்கு. பசியாற்றுவதற்கென்று ஊற்றிய பால் போன்ற உணவு, ஏற்கனவே மூச்சுத்திணறிய குடலுக்குச் சுமையாயிற்று. அந்தப் பத்தொன்பது பேர் யார் என்பதை முதல்நாள் மாலையில் ஒரு துளி இரத்தம் சொல்லியிருக்குமானால், அன்று அந்தக் குழாயை மூடிவைத்திருப்பார்கள்.

இப்போதைக்கு நடப்பது இதுதான். சிட்ருலினை அளக்கும் கருவி பெரிய ஆய்வகங்களில் மட்டும் இருக்கிறது. முடிவு பெரும்பாலும் மறுநாள்தான் வரும். ஐ-எஃப்ஏபிபி சோதனை பெரும்பாலும் ஆய்வாளர்களின் கைகளிலேயே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஐயம் எழுந்தால், நாளச் சாயம் செலுத்திய சிடி ஸ்கேன். சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்குமே என்று தயங்கி நிற்பதைவிட எடுத்துவிடுவதே மேல் என்கின்றன இன்றைய வழிகாட்டு நெறிகள். தமனியில் அடைப்பு இருந்தால் அதில் தெரியும். எண்டே கண்டது போன்ற அடைப்பில்லாத வகை அதிலும் நழுவக்கூடும். பிறகு வயிற்றைத் திறக்கிறார்கள். கறுத்த பகுதியை வெட்டியபின், மீதமுள்ளது பிழைக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது, வயிற்றைத் தற்காலிகமாக மூடிவைத்து, ஓரிரு நாள் கழித்து மீண்டும் திறந்து பார்க்கிறார்கள். போமான்ட் பார்த்ததைப் போலவே, வெறுங்கண்ணால்.